நாலேகாலுக்குப் பின்

சென்ற மாதம் யாழ்ப்பாணம் பஸ் நிலையத்தில் முப்பது ஆண்டுகளாகக் காணாதிருந்த பள்ளித் தோழர் ஒருவரைச் சந்தித்தேன். பிள்ளைகள் எங்கே, வீடு திருத்தியாயிற்றா, இரத்த அழுத்தம் எப்படி என்று வழக்கமான விசாரணைகள் வரிசையாக வந்தன. இறுதியில் அவர் கேட்டார்:

"இன்னும் ஒண்டரை வரியந்தானே? பென்சன் எடுத்தாப் பிறகு என்ன செய்யப் போறாய்?"

"இப்ப செய்யிறதைத்தான்" என்றேன்.

"கந்தோர்க் கோவையளை வீட்டுக்கும் கொண்டு போகப் போறியோ?" என்று அவர் உரத்துச் சிரித்தார். அதற்குள் அவருடைய பஸ் புறப்பட்டுவிட்டது. நான் சொல்ல எண்ணிய மறுமொழி தொண்டையிலேயே தங்கிவிட்டது. அம்மறுமொழியே இக்கட்டுரை. சம்பளத்துக்கென ஒரு வேலையும், மனத்துக்கென வேறொரு வேலையுமாக நாட்களைப் பகுத்துக்கொண்டு வாழ்பவர்கள் இப்பக்கத்தின் வாசகரிடையே பலர் உளர் என்பதை நான் அறிவேன். ஆசிரியர்கள் உளர், நாளை ஏதோவொரு கந்தோரில் அமரப்போகும் மாணவர்கள் உளர். அவர்களுக்கும் என் கணக்கை ஒப்புவிப்பது தகும் என்று தோன்றுகிறது.

நான் ஓர் எழுதுவினைஞன். இப்பொழுது அப்பதவிக்கு 'முகாமைத்துவ உதவியாளர்' என நீண்ட பெயர் சூட்டியிருக்கிறார்கள். மேசையும் கதிரையும் கோவைகளும் மாறவில்லை. காலை எட்டரை மணி தொடக்கம் மாலை நாலேகால் மணி வரை என் கையெழுத்து அரசாங்கத்துக்குச் சொந்தம். அந்த வேலையை நான் ஒருபோதும் இழிவாக எண்ணியதில்லை. கைம்பெண் ஒருத்தியின் ஓய்வூதியக் கோவை என் மேசையில் ஒரு நாள் தாமதித்தால், எங்கோ ஒரு வீட்டில் அடுப்பு ஒரு நாள் தாமதிக்கும் என்பதை நான் மறந்ததில்லை. ஆயினும் ஒரு மனிதனுடைய கணக்கு நாலேகாலோடு முடிந்துவிடுவதன்று.

நாலேகாலுக்குப் பின் நான் சொற்களைச் சேர்க்கிறேன். பனையை நம்பி வாழ்ந்தவர்களின் வாயிலிருந்து அத்தொழிலின் சொற்களைக் கேட்டு, ஒரு சொல்லுக்கு ஒரு சீட்டாக எழுதிவைக்கிறேன். இன்று என் வீட்டு விறாந்தையில் நான்கு பெட்டிகளில் 2,312 சீட்டுகள் இருக்கின்றன. இதனாற் சல்லிக்காசு வருமானம் இல்லை. கடதாசிக்கும் சைக்கிள் ரயருக்கும் நான்தான் செலவிடுகிறேன்.

தந்தையாரின் பெட்டி

இவ்வேலையை நான் தொடங்கவில்லை. தொடங்கியவர் என் தந்தையார். அவர் கிராமத்துப் பாடசாலை ஒன்றில் தமிழாசிரியராக இருந்தவர். தவணைப் பரீட்சை முடிந்ததும், பிள்ளைகளின் விடைத்தாள்களிற் பின்பக்கம் வெறுமையாக உள்ளவற்றைச் சேகரித்து, சூரிக்கத்தியால் நான்காக அரிந்து வைத்துக்கொள்வார். அவையே அவருடைய சீட்டுகள். மாலையில் நடக்கப்போவார். திரும்பி வரும்போது சட்டைப்பையில் இரண்டு மூன்று சொற்கள் இருக்கும்.

அவர் எனக்குக் கற்பித்த முதற்பாடம் ஓலையைப் பற்றியது. ஊருக்குப் புதியவனுக்குப் பனையில் இருப்பதெல்லாம் ஓலை. எங்களவர்க்கோ வட்டின் நடுவில் விரியாமல் நிற்பது குருத்தோலை. குருத்தையடுத்து இளமையோடு நிற்பது சார்வோலை. முற்றிப் பசுமையாய் நிற்பது பச்சையோலை. காய்ந்து தொங்கி, காற்றுக்கு விழக் காத்திருப்பது காவோலை. பாய்க்கும் பெட்டிக்கும் ஆகும் ஓலை வேறு. வேலிக்கும் வேய்ச்சலுக்கும் ஆகும் ஓலை வேறு. எருவாகத் தோட்டத்தில் தாழ்க்கும் ஓலை வேறு. 'காவோலை விழக் குருத்தோலை சிரிக்கும்' என்ற பழமொழியை எல்லோரும் சொல்கிறார்கள். மரத்தடியில் நின்று அவ்விரண்டையும் விரலாற் சுட்டிக் காட்டத் தெரிந்தவர் எத்தனை பேர் என்று தந்தையார் கேட்பார்.

காயின் கதையும் அவ்வாறே. குரும்பை, நுங்கு, நுங்கு முற்றிய சீக்காய், பழுத்த பனங்காய் என்று மரத்திலேயே அது பெயர் மாறுகிறது. மண்ணிற் புதைத்துப் பாத்தியிட்டால் மறுபடியும் பிறந்து கிழங்காகிறது. கொட்டையின் உள்ளே திரள்வது பூரான். அதை வெட்டியெடுத்தபின் எஞ்சுவது ஊமல். கிழங்கைப் பச்சையாகக் கிழித்து உலர்த்தினால் ஒடியல். அவித்து உலர்த்தினால் புழுக்கொடியல். முன்னது மாவாகிக் கூழுக்குப் போகும். பின்னது பல்லுக்கு வேலை கொடுக்கும். இவற்றுட் பலவற்றைச் சென்னைப் பல்கலைக்கழகத்துத் தமிழ்ப் பேரகராதியிற் காணலாம். சிலவற்றின் பக்கத்தில் யாழ்ப்பாண வழக்கு என்ற குறியும் இருக்கும். ஆனால் அகராதியின் ஒற்றை வரி, தொழில் செய்பவன் கையிலுள்ள நுட்பத்தைச் சொல்வதில்லை. அந்த நுட்பத்தை எழுதவே தந்தையார் சீட்டு வெட்டினார்.

இருபதாண்டுக்கு மேல் அவர் எழுதிய சீட்டுகள் ஒரு றங்குப்பெட்டியை நிரப்பியிருந்தன.

1995 ஒக்ரோபர் 30ஆந் திகதி இரவை வலிகாமத்து மக்களுக்கு நான் நினைவூட்ட வேண்டியதில்லை. இலட்சக்கணக்கான மக்களோடு நாங்களும் செம்மணி வெளியைக் கடந்து, நாவற்குழிப் பாலத்துக்கூடாகத் தென்மராட்சிக்கு நடந்தோம். இரண்டு சைக்கிள்கள். ஒன்றில் அப்பாச்சி. மற்றதில் அரிசி, காணி உறுதிகள், சான்றிதழ்கள், ஒரு கேத்தில். புறப்படும்போது தந்தையார் இருமுறை திரும்பி அறைக்குட் பார்த்தார். பெட்டியைக் கொண்டுவருவோமா என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் 'முடியாது' என்று நான் சொல்லவேண்டியிருக்கும். அதை எனக்கு மிச்சப்படுத்தினார் போலும்.

அடுத்த ஆண்டு திரும்பி வந்தோம். வீட்டுக்குக் கூரை இல்லை. பெட்டி மூடி திறந்தபடி முற்றத்திற் கிடந்தது. ஒரு மாரி மழை முழுவதும் அதற்குட் பெய்திருந்தது. எஞ்சியதைக் கறையான் முடித்திருந்தது. தந்தையார் குனிந்து, பாசி பிடித்த கட்டியாகிவிட்ட கடதாசியைக் கையிலெடுத்துப் பிரித்துப் பார்த்தார். ஓரெழுத்தும் தெரியவில்லை. நான் என்ன சொல்வதென்று அறியாமல் நின்றேன். அவரே சொன்னார்:

"எழுதினது போகட்டும். சொன்னவையள் இருக்கினந்தானே."

1998இல் அவர் காலமானார். அதற்குள் ஒரு சீட்டையேனும் அவர் மறுபடி எழுதவில்லை. எழுதுமாறு என்னைக் கேட்கவுமில்லை. அந்த ஒரு வாக்கியம் மட்டும் என்னிடம் தங்கியது. வேலை, குடும்பம், யுத்தம் என்று பதின்மூன்று ஆண்டுகள் அதைக் கேளாதவன்போல் இருந்தேன். 2011ஆம் ஆண்டு ஒரு மாலை, பழைய பரீட்சைத்தாள் ஒன்றை நான்காக அரிந்தேன்.

வேலிக்கு இந்தப் பக்கம்

தொடக்கத்தில் நான் மகாபுத்திசாலி போல் நடந்துகொண்டேன் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். கொப்பியும் பேனையுமாகச் சென்று, "இதுக்கு என்ன பேர், அதுக்கு என்ன பேர்?" என்று நீதிமன்றத்துச் சட்டத்தரணிபோற் கேட்டேன். சொல் வரவில்லை. வாய்கள் மூடிக்கொண்டன. ஒரு சொல் வாழ்வது கேள்விக்கு விடையாக அன்று. வேலைக்கு நடுவில், ஏசும்போது, சிரிக்கும்போது, பிள்ளையைக் கூப்பிட்டு ஒரு பொருளை எடுத்துத் தரச் சொல்லும்போது அது தானாக வந்து விழும். இதை உணர எனக்கு இரண்டாண்டுகள் சென்றன.

2016இல் ஒரு முதியவரின் அறிமுகம் கிடைத்தது. அப்பொழுதே அவருக்கு எண்பது வயது. பதினைந்து வயதிற் பனையில் ஏறத் தொடங்கியவர், அறுபத்தைந்தில் இறங்கியவர். ஐம்பதாண்டுகள் காலையும் மாலையும் மரத்தோடு வாழ்ந்தவர். நெஞ்சிலும் கால்களின் உட்புறத்திலும் மரம் உரசிய தழும்பு காய்த்துப்போயிருந்தது. தளைநார், பாளைக்கத்தி, முட்டி ஆகிய மூன்றும் அவருடைய கொட்டிலின் வளையில் இன்னும் தொங்கின. இனி ஏறப்போவதில்லை என்று தெரிந்தும், மாதத்துக்கு ஒருமுறை கத்தியைத் தீட்டி வைப்பார்.

முதல் நாள் நான் படலையில் நின்று என்னை அறிமுகஞ் செய்தபோது அவர் சற்று நேரம் என்னை உற்றுப் பார்த்தார். பிறகு சொன்னார்:

"கொப்பரும் வந்து கேக்கிறவர். அவர் வேலிக்கு அங்காலை நிண்டு கேட்டவர். நான் இங்காலை நிண்டு சொன்னனான்."

குற்றஞ்சாட்டும் குரலன்று அது. மழை பெய்தது என்று சொல்வதுபோற் சொன்னார். ஆயினும் என் தந்தையாரின் றங்குப்பெட்டி முழுவதையும் அந்த இரண்டு வாக்கியங்கள் என் கண்முன் திறந்து காட்டின. தந்தையாரின் சீட்டில் ஒரு சொல் இருக்கும், பொருள் இருக்கும், திகதி இருக்கும். சொன்னவரின் பெயர் இருந்ததில்லை. ஒரு சமூகம் தனக்கு இனிப்பும் கள்ளும் பாயும் பெட்டியும் தந்த மனிதரை வேலிக்கு அப்பால் நிறுத்தியது. கோயிலுக்கும் தேநீர்க்கடைக்கும் வெளியே நிறுத்தியது. அவர்களுடைய சொல்லை மட்டும் உள்ளே எடுத்துக்கொண்டது. என் தந்தையார் கொடியவர் அல்லர். தம் காலத்து வேலியைக் கடக்காதவர், அவ்வளவே. அந்த 'அவ்வளவே' சிறிய சங்கதியன்று.

அன்று நான் படலையைத் திறந்துகொண்டு உள்ளே சென்று அவருடைய திண்ணையில் அமர்ந்தேன். அவருடைய மருமகள் தேநீர் தந்தார். குடித்தேன். இதையெல்லாம் வீரச்செயலாக எழுதவில்லை; ஐம்பதாண்டு பிந்திச் செய்யப்பட்ட சாதாரண காரியமாகவே எழுதுகிறேன். என் தந்தையாரை 'நயினார்' என்று அழைக்குமாறு பழக்கப்பட்ட வாய், அன்று என்னைத் 'தம்பி' என்று அழைத்தது. அந்தச் சொல்லுக்கும் ஒரு சீட்டு எழுதினேன்.

அதன்பின் ஞாயிறுதோறும் மாலையிற் போவேன். "என்ன தம்பி, இண்டைக்கும் சொல்லுப் பொறுக்க வந்தனியோ?" என்று வரவேற்பார். பாளையை இடுக்கிப் பதப்படுத்துவது, நுனியைச் சீவுவது, முட்டியின் உட்புறத்தில் எவ்வளவு சுண்ணாம்பு பூசுவது என்று கையை அசைத்துக் காட்டுவார். சுண்ணாம்பு இல்லையேல் அது புளித்துக் கள்ளாகும், அளவோடு பூசினால் இனிப்புக் குறையாத கருப்பநீராக இறங்கும், காய்ச்சினாற் பனங்கட்டியாகும். அளவு கூடினாற் சுவை கெடும். அந்த 'அளவு' என்பதற்கு அவரிடம் நிறையோ முகத்தலோ இல்லை. விரல் இருந்தது. "இந்த விரலின்ரை இந்த ரேகை மட்டும்" என்று காட்டினார். அதை எப்படிச் சீட்டில் எழுதுவது என்று நான் திகைத்தபோது அவருக்கு மெத்தச் சிரிப்பு.

ஒருநாள் நான் எழுதுவதைக் கூர்ந்து பார்த்துக்கொண்டிருந்தவர் கேட்டார்:

"என்ரை பேரையும் எழுதுவியோ?"

"ஓம் அப்பு. ஒவ்வொரு சீட்டிலையும் எழுதுறன்."

"எங்கை, காட்டு பாப்பம்."

காட்டினேன். அவருக்கு வாசிக்கத் தெரியாது. என்றாலும் நெடுநேரம் அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சீட்டு எழுதாத ஓராண்டு

இனி நான் சொல்லப்போவது எனக்குப் பெருமை தருவதன்று.

2022ஆம் ஆண்டு வந்தது. எரிபொருளுக்கு வரிசை, எரிவாயுவுக்கு வரிசை, மார்ச் மாத முடிவில் ஒரு நாளிற் பதின்மூன்று மணிநேரம் மின்சாரம் இல்லை. சம்பளம் அதேதான், அதற்குக் கிடைக்கும் அரிசியும் மாவும் பாதியாகிவிட்டன. இளைய மகளின் படிப்பு நடுவழியில் நின்றது. நான் மாலைகளை விற்றேன். நாலேகாலுக்குப் பின் ஒரு கடைக்குக் கணக்கெழுதப் போனேன். சனி, ஞாயிறுகளில் வேறொரு கடைக்கு. அதிற் குற்றமில்லை என்றே இன்றும் கருதுகிறேன். வீட்டில் அடுப்பெரியவேண்டும், பிள்ளை படிக்கவேண்டும். மனத்துக்குரிய வேலையைப் பற்றிப் பேசுவோர் வயிற்றை மறந்து பேசினால் அது வெறும் பேச்சு.

ஆனால் அந்த ஆண்டு முழுவதும் நான் ஒரு சீட்டும் எழுதவில்லை. கிழவரைப் பார்க்கவும் போகவில்லை. இருமுறை ஆளனுப்பியிருந்தார். பாளை சீவும் படிகள் ஒவ்வொன்றையும் முதலிலிருந்து ஒழுங்காகச் சொல்லப் போவதாகவும், கொப்பியோடு வருமாறும் செய்தி. 'தை பிறக்கட்டும், வருகிறேன்' என்று சொல்லியனுப்பினேன். மார்கழியில் அவர் இறந்தார்.

செத்தவீட்டுக்குப் போனேன். கொட்டிலின் வளையில் கத்தி தொங்கியது. அது தீட்டப்பட்டிருந்தது.

அந்தப் படிகளுள் அவர் வேறுபடுத்திச் சொல்லும் சொற்கள் சில என்னிடம் இல்லை. என் பெட்டியில் அவற்றுக்கென எட்டு வெற்றுச் சீட்டுகளை வைத்திருக்கிறேன். அவற்றில் அவருடைய பெயரும், '2022' என்ற ஆண்டும் மட்டும் எழுதப்பட்டுள்ளன.

தொடங்கியோரும் முடித்தோரும்

அந்தத் துக்கம் ஆறாதிருந்த காலத்தில் நம் அகராதிகளின் வரலாற்றைப் படிக்கத் தொடங்கினேன். ஆறுதலுக்காகவே படித்தேன். கிடைத்ததோ ஆறுதலைக் காட்டிலும் பயனுள்ளது.

யாழ்ப்பாணத்தில் யோசேப் நைற் என்ற பாதிரியார் தமிழகராதி ஒன்றுக்காகச் சொற்களைத் திரட்டினார், 1838இற் காலமானார். அவர் முடிக்கவில்லை. அம்முயற்சியின் வழியில், சந்திரசேகர பண்டிதர் முதலியோரின் உழைப்பால், 1842இல் மானிப்பாயில் யாழ்ப்பாண அகராதி வெளிவந்தது. நைற் திரட்டியவற்றின் மேல் வேறு பலரும் உழைத்தனர். 1862இல் வின்சுலோவின் தமிழ் - ஆங்கிலப் பேரகராதி சென்னையில் அச்சேறியது. அறுபத்தேழாயிரத்துக்கு மேற்பட்ட சொற்களைக் கொண்ட அந்நூலில் வின்சுலோவின் பெயர் மட்டுமே கண்ணிற் படுகிறது. அதற்குட் பலருடைய மாலைகள் புதைந்து கிடக்கின்றன.

உடுப்பிட்டி கு. கதிரைவேற்பிள்ளை என்னைப் போன்றவர்களுக்கு இன்னும் நெருங்கியவர். நீதிபதியாகப் பதவி வகித்தவர். பதவிக் கடமையோடு தமிழகராதி ஒன்றையும் சுமந்தவர். 1904இல், அது முழுமையாக அச்சாகுமுன் காலமானார். மதுரைத் தமிழ்ச் சங்கம் அதனை ஏற்று, 1910 தொடக்கம் 1923 வரை மூன்று பாகங்களாக வெளியிட்டது. தாம் தொடங்கியதன் கடைசிப் பக்கத்தை அவர் காணவில்லை. நாம் காண்கிறோம்.

சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை (1832–1901) அரசாங்க உத்தியோகத்தர். செல்லரித்த ஏடுகளை அச்சுக்குக் கொண்டுவந்தவர். தமிழரின் பண்டைய வரலாற்றை 1904இல் ஆங்கிலத்தில் நூலாக்கிய வி. கனகசபைப்பிள்ளை தபால் இலாகாவிற் கடமையாற்றியவர். நம் காலத்துக்கு அண்மையில் டொமினிக் ஜீவா (1927–2021) யாழ்ப்பாணத்தில் தம் சிகையலங்கார நிலையத்தில் இருந்தவாறே 1966இல் 'மல்லிகை' சஞ்சிகையைத் தொடங்கினார். பல பத்தாண்டுகள் அதை நடத்தினார். இவர்களுடைய உயரத்தோடு என்னை ஒப்பிட்டுக்கொள்ளும் துணிவு எனக்கில்லை. இவர்களிடமிருந்து நான் கற்றது ஒன்றே. சம்பளத்துக்கு அப்பாற்பட்ட வேலை பெரும்பாலும் ஒருவன் ஆயுளுக்குள் முடிவதில்லை. ஆகவே 'முடிப்பேனா?' என்பது தவறான கேள்வி. 'இன்னொருவன் எடுத்துத் தொடரக்கூடியதாக வைத்திருக்கிறேனா?' என்பதே சரியான கேள்வி.

இக்கேள்வியோடு என் பெட்டிகளைத் திறந்தபோது வெட்கப்பட்டேன். என் கிறுக்கெழுத்து எனக்கே விளங்கவில்லை. 'மேற்படி', 'முன்போல', 'அவர் சொன்னதுபோல' என்று எனக்கு மட்டும் பொருள்படும் குறிப்புகள். ஒரே பிரதி, ஒரே வீடு, ஒரே கூரை. 1995இல் ஒரு மாரியிற் கற்ற பாடத்தை நான் கற்கவேயில்லை! கந்தோரில் ஒரு கோவையை இப்படி வைத்திருந்தால் மேலதிகாரி என்னை அன்றைக்கே கூப்பிட்டிருப்பார். முப்பதாண்டுகள் அரசாங்கத்துக்குச் செய்த ஒழுங்கை என் சொந்த வேலைக்குச் செய்யவில்லை. கந்தோர் எனக்குத் தந்தது சம்பளம் மட்டுமன்று, கோவையை ஒழுங்காக வைக்கும் பழக்கமும்தான் என்பதை அப்பொழுதுதான் உணர்ந்தேன்.

இன்றைய நிலை

கடந்த இரண்டாண்டுகளாகப் புதிய சொற்களைத் தேடுவதைக் குறைத்து, பழைய சீட்டுகளைத் திருத்தி எழுதிவருகிறேன். ஒவ்வொரு சீட்டிலும் சொல், பொருள், அது வரும் ஒரு வாக்கியம், சொன்னவர், ஊர், திகதி என ஆறு விடயங்கள். எழுதி முடித்ததும் கைத்தொலைபேசியிற் படமெடுத்து மூன்று இடங்களிற் பாதுகாக்கிறேன். இதுவரை 1,640 சீட்டுகள் இவ்வாறு திருந்தியுள்ளன.

இதனோடு கூடவே, ஊரிற் கிடைக்கும் பழைய பாடசாலை மலர்கள், சனசமூக நிலைய வெளியீடுகள், இறந்தோர் நினைவாக அச்சிடப்படும் கல்வெட்டுகள் ஆகியவற்றையும் படமெடுக்கிறேன். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தோடு 97,000 நூல்கள் எரிந்ததை அறிந்த எவருக்கும் ஒரே பிரதி என்ற சொல் அச்சமூட்டும். 2005இல் தொடங்கப்பட்ட 'நூலகம்' எண்ணிம நூலகத்தில் இன்று ஈழத்து நூல்களையும் சஞ்சிகைகளையும் யாரும் வாசிக்கலாம். கல்வெட்டு என்றாற் சிலர் இளக்காரமாகப் பார்ப்பர். ஒரு குடும்பத்தின் மரபும் ஊரின் பெயர்களும் தொழில்களும் வேறெங்கும் எழுதப்படாமல் அதில் மட்டும் கிடப்பதுண்டு.

கைவிட்டதையும் சொல்லவேண்டும். இருபது வயதிலிருந்து ஒரு நாவல் எழுதுவதாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஏழு அத்தியாயங்கள் எழுதினேன். சென்ற ஆண்டு அவற்றை மறுபடி வாசித்தேன்; என் முதியவர் ஒரு மாலையில் இயல்பாகப் பேசியதற்கு அவை ஈடாகா. கட்டிவைத்துவிட்டேன். வருத்தமில்லை. ஒரு மனிதனுக்கு ஒரு வேலை போதும்.

வீட்டு விடயமும் ஒன்று. பத்தாண்டுகளாக ஊர் ஊராக நான் சொல் தேடித் திரிய, என் இல்லாள் விறாந்தையில் அமர்ந்து தன் தாயாரிடம் பழகிய கையாற் கடகமும் நீற்றுப்பெட்டியும் இழைத்துக்கொண்டிருந்தாள். ஒருநாள், ஓலையை வார்ந்து தொடங்குவது முதல் விளிம்பு கட்டுவது வரை அவள் தன் தங்கைக்குச் சொல்லிக்கொடுப்பதைக் கேட்டேன். பேனையை எடுத்துக்கொண்டு பக்கத்தில் அமர்ந்தேன். "இப்பதான் என்னைக் கண்ணுக்குத் தெரிஞ்சதோ?" என்றாள். மறுமொழி சொல்ல எனக்கு வாயில்லை. இன்று அவளுடைய பெயரில் 64 சீட்டுகள் உள்ளன.

எட்டு வெற்றுச் சீட்டுகள்

ஓய்வு பெற்றபின் நான் செய்ய எண்ணியவை மூன்று. எஞ்சிய சீட்டுகளைத் திருத்தி எழுதுவது முதலாவது. தீவுப்பகுதிக்கும் வடமராட்சிக்கும் சென்று, அங்கே இதே பொருளுக்கு வேறு சொல் உண்டா என்று கேட்பது இரண்டாவது. மூன்றாவது, எல்லாவற்றையும் ஒரு சிறு நூலாக்கி, சொன்னவர்கள் அனைவரின் பெயரையும் முதற் பக்கத்தில் அச்சிடுவது.

மூன்றாவதைப் பற்றி எனக்குள் ஒரு தயக்கம் இருந்தது. முதியவரின் மகன் பாரிசில் இருக்கிறார். தகப்பனாரின் சொற்களை நூலாக்க அனுமதி வேண்டித் தொலைபேசியிற் பேசினேன். அவர் சிறிது நேரம் மௌனமாயிருந்தார். பிறகு கேட்டார்: "எங்களை இன்னும் மரத்தாலை இறங்க விடமாட்டியளோ அண்ணை?"

நியாயமான கேள்வி. அத்தொழிலின் பெயரால் அவர் பள்ளியிற் பட்டதை நான் படவில்லை. மரத்தின் உச்சியிலிருந்து மனிதர் தவறி விழுந்த கதைகளை நான் எழுதினேன். அவர் அந்த வீடுகளில் வளர்ந்தவர். பனை நம் பண்பாட்டின் சின்னம் என்று மேடையிற் பேசுவோர் ஒருநாளும் ஏறியதில்லை. "இறங்கினவர்கள் இறங்கினவர்களாகவே இருக்கட்டும், அவர்களுக்கு இருந்த அறிவு மட்டும் அவர்களுடைய பெயரோடு இருக்கட்டும் என்று நினைக்கிறேன்" என்றேன். அது போதிய மறுமொழிதானா என்பது எனக்குத் தெரியவில்லை. "யோசிச்சுச் சொல்லுறன்" என்று வைத்துவிட்டார்.

இரண்டு கிழமைகளுக்குப் பின், ஞாயிறு மாலை, என் படலையில் ஒரு பெண் பிள்ளை நின்றாள். முதியவரின் பேத்தி, மகள்வழிப் பேத்தி, பல்கலைக்கழகத்தில் விவசாயம் படிக்கிறாள். பாரிசிலுள்ள மாமனார் அனுப்பியதாகச் சொன்னாள். அப்புவின் சீட்டுகளைப் பார்க்கவேண்டும் என்றாள். பெட்டியைக் கொடுத்தேன். விறாந்தையில் அமர்ந்து ஒவ்வொன்றாக வாசித்தாள். ஓரிடத்தில் நின்றாள்.

"ஐயா, இது பிழை. அப்பு இப்பிடிச் சொல்லுறேல்லை."

கருப்பநீர் காய்ச்சும் பதத்தைப் பற்றிய சீட்டு அது. நான் கேட்டதைத் தவறாக எழுதியிருந்தேன். அவள் அம்மம்மாவோடு அடுப்படியில் இருந்து கண்டவள். பேனையை வாங்கித் திருத்தினாள். பிறகு அந்த எட்டு வெற்றுச் சீட்டுகளைக் கண்டாள். இவை என்ன என்று கேட்டாள். சொன்னேன், நான் போகாததையும் சொன்னேன்.

சற்றுப் பொறுத்து, "எல்லாம் தெரியாது. இரண்டு மூண்டு எனக்குத் தெரியும்" என்றாள். அன்று மாலை அவற்றுள் மூன்றில் எழுதினாள். சொன்னவர் பெயர் எழுதவேண்டிய இடத்தில் அப்புவின் பெயர் முன்னமே இருந்தது. அதன் கீழே தன் பெயரையும் எழுதலாமா என்று என்னிடம் கேட்டாள்.

இன்னும் ஐந்து சீட்டுகள் வெறுமையாய் இருக்கின்றன. அவள் அடுத்த ஞாயிறும் வருவதாகச் சொல்லிப் போயிருக்கிறாள். பஸ் நிலையத்து நண்பரை மறுபடி கண்டால் இதைத்தான் சொல்லவேண்டும்.